பீரோவுக்குப் பின்னால் பார்க்கவில்லை

என் வீட்டில் பூஞ்சை இருக்க வேண்டும். இருந்தே ஆக வேண்டும். இல்லையென்றால் நான் தொலைந்தேன்.

மற்ற வீட்டு ஆண்கள் எல்லாம் தங்கள் சுவரில் ஒரு புள்ளி பூஞ்சை கூடக் கிடையாது என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்வார்கள். இருக்கிறது என்று நிரூபித்தே தீருவேன் எனச் சபதம் எடுத்த ஒரே கணவன் நானாகத்தான் இருப்பேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கையில் டார்ச் லைட்டோடு, என் வீட்டுக்குள்ளேயே திருடன் மாதிரி மோப்பம் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஏன் இந்தக் கதி என்று சொல்கிறேன். கேட்க வேறு ஆள் இல்லாததால்தான் உங்களிடம் சொல்கிறேன். மூன்று வாரமாக இந்த வீட்டில் நான் பேசுவது ஃபிரிட்ஜோடு மட்டும்தான். அதுவும் பாவம், முடிந்தவரை உறுமிப் பதில் சொல்கிறது.

நான் நகரத்துத் தண்ணீர் அலுவலகத்தில் புகார்ப் பிரிவு குமாஸ்தா. இருபத்தாறு வருஷ சர்வீஸ். குழாய் உடைந்தது, சுவர் ஊறுது, தொட்டி வழியுது என்று நாள் பூராவும் புகார் வரும். எல்லாவற்றுக்கும் என்னிடம் மூன்றே பதில்கள். 'பெற்றுக்கொள்ளப்பட்டது.' 'பரிசீலனையில் உள்ளது.' 'முடித்து வைக்கப்பட்டது.' மூன்றுக்கும் ரப்பர் ஸ்டாம்ப் இருக்கிறது. முதல் ஸ்டாம்புக்கும் மூன்றாவது ஸ்டாம்புக்கும் நடுவில் குழாயை யாராவது போய்ப் பார்த்தார்களா என்று கேட்காதீர்கள். அது வேறு பிரிவு.

என் மனைவிக்கு ஒன்றரை வருஷமாக இருமல். காலையில் கண் விழித்ததும் ஏழு தடவை இருமுவாள். ஆறும் இல்லை, எட்டும் இல்லை, ஏழு. அலாரம் வைக்கிற செலவு மிச்சம் என்று நான் கிண்டல் செய்வேன். மருந்து, கஷாயம், மாத்திரை எல்லாம் தோற்றுப்போய்க் கடைசியில் ஒரு பெரிய டாக்டரம்மாவிடம் போனோம். அவர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, மனைவியைத்தான் கேட்டார்.

"வீட்டுல எங்கயாவது ஈரம், கசிவு, பூஞ்சை, அந்த மாதிரி ஏதாவது இருக்காம்மா?"

அவள் வாயைத் திறந்தாள். நான் முந்திக்கொண்டேன்.

"சேச்சே! எங்க வீட்டுலயா? நான் தண்ணி ஆபீஸ்ல இருக்கேன் டாக்டர்!"

மனைவி திறந்த வாயை மூடினாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். இருபத்தொன்பது வருஷத்தில் அந்தப் பார்வையை நான் இரண்டு மூன்று தடவைதான் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் எனக்குப் பெரிய சேதம் ஆகியிருக்கிறது.

"அப்போ ஒண்ணு பண்ணுங்க. ஒரு மாசம் வேற வீட்டுல இருந்து பாருங்க. குறையுதான்னு தெரியும்," என்றார் டாக்டரம்மா.

"தாராளமா இருக்கேன் டாக்டர்," என்றாள் மனைவி. கொஞ்சம் யோசித்துவிட்டாவது சொல்லியிருக்கலாம்.

மறுநாளே பெட்டி கட்டினாள். மகள் வீடு, பஸ்ஸில் மூன்று மணி நேரம். வாசலில் நின்று எனக்குக் கடைசி உத்தரவு.

"ஏங்க, கேஸை மூட மறக்காதீங்க. ரெண்டு வேளை சாப்பிடுங்க. வீட்டுல ஒரு வாடை அடிக்குது, அது எங்கேருந்து வருதுன்னு பாருங்க."

"ஒரு வாடையும் இல்லையே?"

"உங்க மூக்குக்குத் தெரியாது. கூடவே இருந்து பழகிப்போச்சு."

"பார்க்கிறேன்."

"பார்க்கிறேன்னா?"

"பரிசீலனையில இருக்குன்னு அர்த்தம்," என்றேன். நகைச்சுவையாகச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டுதான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. பஸ் ஏறிவிட்டாள்.

முதல் இரண்டு நாள் ராஜா மாதிரி இருந்தேன். ஈரத் துண்டைக் கட்டில் மேல் போட்டேன். டீ குடித்த டம்ளரை ஜன்னலில் வைத்தேன். 'அதை எடுங்க' என்று சொல்ல ஆள் இல்லை. மூன்றாம் நாள் அதே டம்ளர் அதே ஜன்னலில் இருந்தது. நான்காம் நாளும் இருந்தது. யாருமே எடுக்கச் சொல்லவில்லை. எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. நானே எடுத்துக் கழுவினேன்.

சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்து பூட்டைத் திறப்பேன். வழக்கமாக உள்ளேயிருந்து "யாரு?" என்று குரல் வரும். "நான்தான்" என்பேன். சாவி போட்டுத் திறந்துகொண்டு என்னைத் தவிர யார் வரப்போகிறார்கள், இது என்ன தினமும் ஒரு கேள்வி என்று எரிச்சல்படுவேன். இப்போது யாரும் கேட்கவில்லை. இருந்தாலும் "நான்தான்" என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே போனேன். இரண்டு டம்ளருக்கு டீ போட்டு, இரண்டையும் நானே குடித்தேன். எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை, சொல்லிவிடுகிறேன்: அவள் இல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை.

தினமும் போன் செய்தேன்.

"சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு. இருமல் எப்படி இருக்கு?"

"போயே போச்சுங்க!"

"கொஞ்சம் கூடவா இல்லை?"

"சுத்தமா இல்லை."

"காலையில எழுந்ததும்? அந்த ஏழு?"

"ஒண்ணு கூட வரலை."

"ஒரே ஒரு தடவை இருமிப் பாரேன்."

"வந்தாத்தானே இருமறதுக்கு? நல்லா இருக்கேன்னு சொன்னா சந்தோஷப்பட மாட்டீங்களா?"

"சந்தோஷமாத்தான் இருக்கேன்," என்றேன், அழாத குறையாக.

அடுத்த வாரம் இன்னும் மோசம். "பொண்ணு சொல்றா, இங்கேயே இருந்துடுங்கம்மான்னு. மாப்பிள்ளையும் அதையே சொல்றார். யோசிக்கணும்," என்றாள். யோசிக்கணுமா! பஸ் ஏறும்போது யோசிக்காதவள், திரும்பி வருவதற்கு யோசிக்கிறாளாம்!

இந்த நேரத்தில்தான் எதிர்வீட்டு டீச்சரம்மா வந்து எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினார். முப்பது வருஷம் கணக்குப் பாடம் எடுத்தவர். செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே கேட்டார்.

"என்ன சார், வீட்டம்மாவுக்கு எப்படி இருக்கு?"

"அங்க போனதும் சரியாயிடுச்சு டீச்சர்."

"அப்படியா? பொண்ணு வீட்டுல பூனை இருக்கா?"

"ரெண்டு."

"தூசி?"

"மாடியில மரவேலை நடக்குது. தூள் பறக்குதாம்."

"கம்பளம், சென்ட், சிகரெட் புகை?"

"மாப்பிள்ளை சிகரெட் பிடிப்பார். கம்பளம் ஹால் முழுக்க."

டீச்சரம்மா குழாயை மூடிவிட்டு விரல் விட்டு எண்ணினார். "பூனை இருந்தும் இருமல் இல்லை. தூள் இருந்தும் இல்லை. புகை இருந்தும் இல்லை. அப்போ இங்க இருக்கிறது, அங்க இல்லாதது என்ன? கழிச்சுப் பாருங்க சார்."

"என்ன டீச்சர்?"

"நீங்க மட்டும்தான்."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தியதும் சிரிப்பு நின்றுவிட்டது. கணக்கு டீச்சர் கழித்தால் கணக்கு தப்புமா? இருபத்தொன்பது வருஷம் வாழ்ந்த பெண்ணுக்கு என் மேல் அலர்ஜி! சட்டையைக் கழற்றி மோந்து பார்த்தேன். சோப்பை மாற்றினேன். தலைக்கு எண்ணெய் வைப்பதை நிறுத்தினேன். கண்ணாடியில் பார்த்தபோது, இவனைப் பார்த்தால் யாருக்கும் இருமல் வரத்தான் செய்யும் என்று எனக்கே தோன்றியது.

அப்போதுதான் டாக்டரம்மா கேட்ட கேள்வி ஞாபகம் வந்தது. ஈரம், கசிவு, பூஞ்சை. ஆஹா! வீட்டில் பூஞ்சை இருந்துவிட்டால் குற்றவாளி பூஞ்சை. நான் நிரபராதி. அவளும் திரும்பி வருவாள். பூஞ்சையே, நீ எங்கிருந்தாலும் வா என்று மனமாரக் கூப்பிட்டேன்.

முறைப்படி தேட வேண்டும் இல்லையா? எங்கள் ஆபீஸிலேயே இதற்கு ஒரு கையேடு அச்சடித்திருக்கிறோம். 'வீட்டில் மறைந்திருக்கும் ஈரமும் பூஞ்சையும்'. அதில் ஒரு கட்டு ஒன்பது வருஷமாக என் மேஜையின் குட்டைக் காலுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. ஒன்றை உருவினேன். மேஜை ஆட ஆரம்பித்தது, ஆடட்டும். சுவரில் பெயின்ட் உப்பியிருக்கிறதா, கறுப்பாகவோ பச்சையாகவோ புள்ளி இருக்கிறதா, மழை விட்ட மண் மாதிரி வாடை வருகிறதா, உள்ளங்கையை வைத்தால் ஓர் இடம் மட்டும் ஜில்லென்று இருக்கிறதா பாருங்கள் என்று போட்டிருந்தது. ஐந்தாவதாக, 'சுவரை ஒட்டி வைத்த பெரிய சாமான்களுக்குப் பின்னால் கட்டாயம் பாருங்கள்' என்று இருந்தது. அந்தப் பக்கத்தை மட்டும் சட்டென்று திருப்பிவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் நான் முதலில் சொன்னது. சமையலறை ஸிங்க்குக்கு அடியில் தலையை விட்டேன். மூன்று வருஷமாகக் காணாமல் போயிருந்த ஒரு கரண்டி கிடைத்தது. பூஞ்சை கிடைக்கவில்லை. திரைச்சீலைகளைப் புரட்டினேன். ஒன்றும் இல்லை. குளியலறைக் கூரையில் இரண்டே இரண்டு கறுப்புப் புள்ளி. ஒரு பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு ஏறி அவற்றை ஆசையோடு பார்த்தேன். ஆனால் இரண்டு புள்ளிக்காக ஒரு மனுஷி ஒன்றரை வருஷம் இருமுவாளா? கோர்ட்டில் நிற்காது. கட்டிலுக்கு அடியில் என் பழைய தோல் செருப்பில் பச்சையாக ஏதோ பூத்திருந்தது. அதையும் ஓர் அத்தாட்சியாகப் பையில் போட்டு வைத்தேன்.

படுக்கையறைப் பீரோவுக்குப் பின்னால் பார்க்கவில்லை. பீரோ ரொம்பக் கனம்.

அந்த வாரம் பக்கத்து ஊரில் எங்களுக்கு மூன்று நாள் பயிற்சி வகுப்பு. 'புகார் செய்பவரின் குரலைக் காது கொடுத்துக் கேட்பது எப்படி' என்பது தலைப்பு. மூன்று நாளும் நன்றாகத் தூங்கினேன். நான்காம் நாள் காலை வீடு திரும்பினேன். மூன்று நாள் பூட்டிக் கிடந்த வீடு. கதவைத் திறந்தேன். "நான்தான்" என்றேன்.

குப்பென்று வந்தது வாடை. ஈரச் சாக்கை மூலையில் போட்டு மறந்த மாதிரி ஒரு வாடை. மூன்று நாள் வெளியே இருந்ததில் என் மூக்குக்குப் புத்தி வந்திருந்தது. வாசலில் லேசாக, ஹாலில் கொஞ்சம் கூடுதலாக, படுக்கையறையில் மூக்கைத் துளைத்தது. மூக்கு போன வழியே நானும் போனேன். அது நேராகப் பீரோவுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தியது.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். உங்களிடம் ஒன்றை மறைத்துவிட்டேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் என் மனைவி அந்தச் சுவரைக் காட்டினாள். அந்தப் பக்கம் குளியலறை. இந்தப் பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஈரத் திட்டு.

"ஏங்க, இங்க சுவர் ஊறுதுங்க. ஆளைக் கூப்பிட்டுப் பாருங்க."

"கவனத்துக்குக் கொண்டு வந்ததுக்கு நன்றி," என்றேன்.

அவள் ஐந்தாறு தடவை ஞாபகப்படுத்தினாள். கடைசியில் ஒரு நாள் அவள் கடைக்குப் போன நேரம் பார்த்து, ஆபீஸ் பியூனைக் கூட்டி வந்து, எதிர்ச் சுவரில் இருந்த மரப் பீரோவைத் தள்ளி அந்தத் திட்டின் மேல் ஒட்டி வைத்தேன். திட்டு மறைந்தது. புகார் முடித்து வைக்கப்பட்டது. அவள் வந்து பார்த்தாள். அந்தப் பார்வையை மட்டும் பார்த்தாள். டாக்டரம்மா முன்னால் பார்த்தாளே, அதே பார்வை.

இப்போது பீரோவைத் தனியாக நகர்த்த வேண்டுமென்றால் உள்ளே இருப்பதை எல்லாம் எடுக்க வேண்டும். ஒவ்வொரு தட்டாக இறக்கினேன். எல்லாம் அவள் துணி. குளிர் காலத்துக்குப் போடுகிற நீல ஸ்வெட்டரை முகத்தில் வைத்துப் பார்த்தேன். அவள் வாசனை வரும் என்று நினைத்தேன். ஈரச் சாக்கு வாடைதான் வந்தது. தினமும் காலையில் இந்தக் கதவைத் திறந்துதானே துணி எடுப்பாள்? ராத்திரி பூராவும் இதன் பக்கத்தில்தானே படுத்திருப்பாள்? கட்டில் மேல் அவள் துணிக்கு நடுவில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

பிறகு முதுகைக் கொடுத்துத் தள்ளினேன். பீரோ அலறிக்கொண்டே நகர்ந்தது.

அடேயப்பா! உள்ளங்கைத் திட்டு ஆள் உயரத்துக்கு வளர்ந்து நின்றது. கறுப்பு, பச்சை, சாம்பல் எல்லாம் கலந்து, பீரோவின் முதுகுப் பலகையிலும் அப்படியே ஒரு பிரதி. நான் குதித்தேன். "இருக்கு! இருக்கு! நான் இல்லை!" என்று கத்தினேன். லாட்டரி விழுந்தவன் கூட அப்படிக் கத்தியிருக்க மாட்டான்.

கத்தி முடித்ததும் ஒரு சந்தேகம் வந்தது. பூஞ்சையை வளர்த்தது யார்? பீரோவைத் தள்ளியது யார்? டாக்டரிடம் 'சேச்சே' என்றது யார்? டீச்சரம்மா கழித்த கணக்கு மறுபடி அதே விடைக்கு வந்து நின்றது. அவளை ஒன்றரை வருஷம் இருமவிட்டது நான்தான். கிண்டல் வேறு செய்திருக்கிறேன்.

நல்ல மனுஷன் என்றால் அப்போதே போனை எடுத்து மன்னிப்புக் கேட்டிருப்பான். எனக்கு இருபத்தாறு வருஷ சர்வீஸ். திட்டம் போட்டேன். தடயத்தை அழித்துவிட்டு, பூஞ்சை வேறு இடத்தில் இருந்தது என்று சொல்லிவிட்டால்? பூஞ்சைக்கும் தண்டனை, எனக்கும் விடுதலை!

தேய்க்கிற பிரஷ் ஒன்றை எடுத்துச் சுவரை வறட்டு வறட்டென்று தேய்த்தேன். கையேட்டில் 'காய்ந்த பிரஷால் தேய்க்கவே கூடாது, தூள் காற்றில் பறந்து வீடெல்லாம் பரவும், முகமூடி அவசியம்' என்று இருந்தது. அது நான் திருப்பிய பக்கத்தில் இருந்தது. அறை முழுக்கப் புகை மாதிரி பறந்தது. மேலே வெள்ளைப் பெயின்ட் அடித்தேன். ஈரத்தின் மேலேயே அடித்தேன். பீரோவைப் பழையபடி ஒட்டி வைத்து, துணிகளை அடுக்கி, போன் போட்டேன்.

"கண்டுபிடிச்சுட்டேன்!"

"எங்கங்க?"

"ஸிங்க்குக்கு அடியில! உள்ளுக்குள்ள ஒளிஞ்சிருந்துச்சு. சுத்தமா தேய்ச்சுக் கழுவிட்டேன். நீ வந்துடு."

"ஸிங்க்குக்கு அடியிலயா?"

"ஆமா."

"நல்லாப் பார்த்தீங்களா?"

"என் ரெண்டு கண்ணால பார்த்தேன்."

"சரிங்க. ஒரு வாரம் போகட்டும். டீச்சரம்மாவை வந்து ஒரு எட்டுப் பார்க்கச் சொல்றேன். அவங்க சரின்னு சொன்னா நான் வர்றேன்."

ஒரு வாரம்! அதற்குள் டாக்டர் சொன்ன மாசம் முடிந்துவிடும். காலண்டரில் அந்தத் தேதியைச் சுற்றி வட்டம் போட்டு வைத்திருந்தேன். வட்டம் வந்தது, அவள் வரவில்லை.

இரண்டு நாள் கழித்துக் காலையில் தூக்கத்தில் இருமல் சத்தம் கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று. கண்ணைத் திறக்காமலே சிரித்தேன். வந்துவிட்டாள்! எப்போது வந்தாள்? நான்கு, ஐந்து. பக்கத்தில் கையை நீட்டித் தடவினேன். தலையணைதான் இருந்தது. ஆறு, ஏழு. இருமியது நான். எழுந்து உட்கார்ந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். இருமலால் கண்ணில் தண்ணீர் வந்தது என்று வெளியில் சொல்லிக்கொள்ளலாம். உங்களிடம் எதற்கு மறைக்க வேண்டும்?

சொன்ன நாளில் டீச்சரம்மா வந்தார். நான் அவரை ஸிங்க் பக்கம் அழைத்துப் போனேன். அவர் என்னைப் படுக்கையறைப் பக்கம் அழைத்துப் போனார்.

"என்ன சார் இருமல் பலமா இருக்கே?"

"சளி டீச்சர்."

"வீட்டம்மா இங்க இல்லை. உங்களோட இருக்கிறது நீங்க மட்டும்தான். அப்போ உங்களுக்கு யார் மேல சார் அலர்ஜி?"

நான் அசடு வழிய நின்றேன். அவர் மூக்கை இரண்டு தடவை உறிஞ்சினார்.

"பூஞ்சை எங்க இருந்துச்சுன்னு சொன்னீங்க?"

"ஸிங்க்குக்கு அடியில."

"ஸிங்க் சமையலறையில. பெயின்ட் வாடை ஏன் சார் படுக்கையறையில அடிக்குது?"

பதிலாக இருமல்தான் வந்தது. டீச்சரம்மா பீரோ ஓரத்தில் ஒரு கண்ணை வைத்து இடுக்கில் பார்த்தார். என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். வெள்ளைப் பெயின்டை உடைத்துக்கொண்டு கறுப்புத் திட்டு ஒன்றொன்றாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அடியில் ஈரம் இருக்கிறவரை மேலே எதை அடித்தாலும் நிற்காதாம். கையேட்டில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது.

"சீக்கிரம் ஆளைக் கூப்பிடுங்க சார். அவங்க பாவம்," என்றார். இந்தத் தடவை கணக்கு எதுவும் போடவில்லை.

கூப்பிட்டேன். தெருமுனையில் கடை வைத்திருக்கிற பிளம்பர். கதவைத் திறந்ததும் அவர் என்னைக் கேட்காமலே படுக்கையறைக்குப் போனார்.

"ஏம்பா, பிரச்னை என்னன்னு நான் இன்னும் சொல்லவே இல்லையே?"

"தெரியும் சார். பீரோவுக்குப் பின்னாடி, பாத்ரூம் பைப் வளையற இடத்துல கசிவு."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அம்மா ஊருக்குப் போற அன்னைக்கே கடைக்கு வந்து சொல்லிட்டாங்களே!"

"அப்போ ஏன் வரலை?"

"வரக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க. 'சார் ஒரு நாள் கூப்பிடுவார். அவரா கூப்பிடற வரைக்கும் இந்த வாசப்படி மிதிக்காதே'ன்னாங்க." பையில் கையை விட்டு ஒரு வளைந்த பைப் துண்டை எடுத்தார். "எல்போ கூட அளவு சொல்லி வாங்கி வைக்கச் சொல்லிட்டாங்க. அஞ்சு வாரமா பையிலயே வச்சுக்கிட்டு அலையறேன் சார். நீங்க கூப்பிடவே மாட்டீங்கன்னு நினைச்சேன்."

அந்த எல்போவை வாங்கிப் பார்த்தேன். ஐந்து வாரம் நான் ஃபிரிட்ஜோடு பேசியதும், சோப்பை மாற்றியதும், இரண்டு டம்ளர் டீ குடித்ததும் இந்தச் சாண் பைப்புக்காகத்தானா என்று இருந்தது. கோபம் வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தேன். வரவில்லை.

பிளம்பர் அரை மணியில் கசிவை நிறுத்தினார். மீதி வேலையை நானே செய்தேன். முகமூடி, கையுறை போட்டு, ஜன்னலை எல்லாம் திறந்து வைத்து, சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்தேன். ஊறிப்போன பூச்சைக் கொத்தி எடுத்துப் பையில் போட்டுக் கட்டினேன். பீரோவின் முதுகுப் பலகையைக் கழற்றி எறிந்தேன். பத்து நாள் மின்விசிறி ஓட்டிச் சுவரைக் காயவிட்டேன். தினமும் சாயங்காலம் வந்து சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பேன். குழந்தைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி. அவள் துணியை எல்லாம் இரண்டு தடவை துவைத்து வெயிலில் போட்டேன். எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து டீச்சரம்மா மேற்பார்வை பார்த்தார். பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளியே வைத்தேன். அதற்குப் பிறகுதான் போன் செய்தேன்.

"பீரோவுக்குப் பின்னாடிதான் இருந்துச்சு," என்றேன். "நான்தான் மறைச்சு வச்சேன். டாக்டர்கிட்டயும் பொய் சொன்னேன். உன் இருமலுக்குக் காரணம் நான்தான்."

"தெரியும்," என்றாள். "நாளைக்கு வர்றேன்."

மறுநாள் மத்தியானம் பூட்டில் சாவி திரும்பும் சத்தம் கேட்டது.

"யாரு?" என்று கத்தினேன்.

"நான்தான்," என்றாள்.

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே படுக்கையறைக்குப் போனாள். சுவரில் உள்ளங்கையை வைத்தாள். மோந்தாள். ஸ்வெட்டரை எடுத்து முகத்தில் வைத்து ஒரு மூச்சு இழுத்தாள். நான் பரீட்சை எழுதிய பையன் மாதிரி வாசற்படியில் நின்றேன். இருமல் வரவில்லை. நான் மனசுக்குள் பத்து எண்ணினேன், அப்போதும் வரவில்லை.

"நல்லாப் பண்ணியிருக்கீங்க," என்றாள்.

கைப்பையைத் திறந்து ஒரு தாளை எடுத்து மேஜையில் வைத்தாள். எங்கள் ஆபீஸ் புகார்ப் படிவம். குறிப்பு எழுத நான் வீட்டுக்குக் கொண்டு வந்து போடுகிற தாள். தேதி மூன்று வருஷத்துக்கு முந்தியது. 'புகார் செய்பவர்: மனைவி. புகார்: சுவர் ஊறுகிறது.' அதன் கீழே நினைவூட்டல் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஆறு வரைக்கும் தேதியோடு அவள் கையெழுத்து. கடைசியில் 'நேரில் பார்த்தவர் கையொப்பம்' என்ற இடம் மட்டும் காலியாக இருந்தது.

"போடுங்க."

போட்டேன். என் சர்வீஸிலேயே ஒன்றை நேரில் பார்த்துவிட்டு நான் போட்ட முதல் கையெழுத்து அதுதான்.

"டீச்சரம்மா ஒரு கணக்குச் சொன்னாங்க..." என்று இழுத்தேன்.

"நான்தான் சொல்லச் சொன்னேன். சிரிக்காம சொன்னாங்களா?"

"சிரிக்கவே இல்லை."

"கெட்டிக்காரி," என்றாள்.

இரண்டு டம்ளரில் டீ போட்டேன். எதிரெதிரே உட்கார்ந்து குடித்தோம். என் இருமலும் அந்த இரண்டு வாரத்தில் குறைந்திருந்தது. ஆறேழு வாரமாக நெஞ்சில் வைத்திருந்த ஒன்றை அப்போது கேட்டேவிட்டேன்.

"இத்தனை நாள் அங்க இருந்தியே... என்னைத் தேடுச்சா?"

அவள் டீயைக் கடைசிச் சொட்டு வரை நிதானமாகக் குடித்தாள். நான் ஜன்னலில் வைத்திருந்த என் டம்ளரையும் எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"உங்க மனு பரிசீலனையில இருக்கு," என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போனாள்.